பாடுகிறவர் எங்கே? போரானா ஆட்டக்குழுவைப் படமெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

கென்யாவின் வடக்கே, துர்கானா ஏரியின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது லோயாங்கலானி என்ற சிற்றூர். 2008இல் தொடங்கிய பண்பாட்டு விழாவால்தான் வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர் பழக்கம். மார்சபிட் மாவட்டத்தில் வாழும் 14 சமூகத்தார் அங்கே கூடுகிறார்கள். எல் மோலோ, துர்கானா, சம்புரு, ரெண்டிலே, தசனச், கப்ரா, போரானா என ஒவ்வொரு சமூகமும் தன் வழக்கப்படி ஒரு குடிலைக் கட்டி, தன் உடையில் ஆடிப் பாடுகிறது. விழா நடக்கும் நாட்களில் கேமராவோடு வருகிறவர்களின் கூட்டமும் பெரிது.

அந்த விழாவுக்கு வந்த ஒரு போரானா ஆட்டக்குழுவைப் படமெடுத்த வேலையையே இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். படமெடுத்தது இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் மார்சபிட் நகரில் வளர்ந்த கென்யப் புகைப்படக்காரர். போரானா மொழியைத் தாய்மொழிபோலப் பேசுகிறவர். ஒரு சிறிய பண்பாட்டு ஆவணத் தொகுப்புக்கு, படக்குறிப்புகளோடு ஒரு வரிசை படங்கள் வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட வேலை. அழகான படங்கள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இணையத்தில் அவை ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. குவிந்து கிடக்கும் அந்தப் படங்களில் எது இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் எங்கள் முதல் வேலையாக இருந்தது.

நான் கண்ட முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போரானா ஆட்டத்தை நடத்திச் செல்வது பாட்டு. பாட்டைக் கேமரா பிடிக்காது. அதனால் பாட்டைக் காதில் வாங்காமல் எடுத்த படத்தில் உடை இருக்கும், மணி இருக்கும், குதிப்பு இருக்கும், ஆட்டம் இருக்காது. போதாக்குறைக்கு அது எந்தச் சமூகத்தின் படம் என்பதுகூடத் தவறிப்போகும். அப்படித் தவறுவது வட கென்யாவில் சிறிய விஷயம் அல்ல.

போரானா மக்கள்

ஒரோமோ பேரினத்தின் தொன்மையான கிளைகளில் போரானா ஒன்று. பெரும்பகுதியினர் தென் எத்தியோப்பியாவில், யாபெல்லோவைச் சுற்றிய மேய்ச்சல் நிலங்களில் வாழ்கிறார்கள். கென்யாவில் மோயாலே, மார்சபிட், இசியோலோ பகுதிகளில் இருக்கிறார்கள். கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் எண்ணிக்கை சுமார் 2.76 லட்சம். 1907இல் பிரிட்டனும் எத்தியோப்பியாவும் செய்துகொண்ட எல்லை உடன்பாட்டின் கோடு இவர்களுடைய மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஓடுகிறது. மாடுகளுக்கும் உறவுகளுக்கும் அந்தக் கோடு இன்றுவரை பொருட்டில்லை.

சபோ, கோனா என்று இரு பெரும் பிரிவுகள். ஒரு பிரிவினர் மற்றப் பிரிவில்தான் மணம் முடிக்க வேண்டும். ஆட்சி முறைக்குப் பெயர் கடா. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைமை ஒரு தலைமுறைக் குழுவிடமிருந்து அடுத்ததற்குப் போகும். 2016இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2017இல் பொறுப்பேற்ற 71ஆவது தலைவர் குரா ஜார்சோ, 2025இல் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். தேர்தல் கலவரங்களும் வறட்சியும் சூழ்ந்த நிலப்பரப்பில் எட்டாண்டுக் கணக்கு பிசகாமல் நடந்திருக்கிறது. இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பாட்டு இவர்களுக்கு விழாவுக்கான பொருள் அல்ல. அன்றாட உழைப்பின் பகுதி. எத்தியோப்பியப் பக்கம் துலா எனப்படும் ஆழ்கிணறுகள் இருக்கின்றன. மாடுகள் சரிவான பாதையில் இறங்கித் தொட்டிக்கு வரும். அதற்கும் கீழே, கிணற்றின் சுவரோரமாக ஆண்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நின்று, தண்ணீர் வாளியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். ஒருவர் பாட, மற்றவர் பதில் பாட, அந்தத் தாளத்தில் வாளி ஏறும். தாளம் தப்பினால் வாளி தப்பும். பாடும் கிணறுகள் என்று பயணிகள் இவற்றை அழைப்பதற்கு இதுதான் காரணம். மாட்டைப் புகழும் பாட்டுகளுக்குத் தனி மரபு உண்டு. மாட்டின் நிறம், கொம்பின் வளைவு, அது ஈன்ற கன்று எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும்.

லோயாங்கலானிக்கு வந்த குழுவின் ஆட்டத்திலும் இதே கட்டமைப்பு இருந்தது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கிறார். வரிசையாக நிற்கும் ஆண்கள் அடித்தொண்டையிலிருந்து பதில் தருகிறார்கள். எதிரே பெண்கள் கைதட்டி, இழுத்துப் பாடுகிறார்கள். அவர்களிடம் முரசு இல்லை. கையும் காலும் குரலுமே தாளம்.

பழைய படங்களை எடுத்துப்போனோம்

படப்பிடிப்புக்கு முன்பே நாங்கள் செய்த ஒரு காரியம் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. பொதுவெளியில் கிடைக்கும் ‘போரானா நடனம்’ படங்களில் சிலவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் சென்றோம். ஒத்திகைக்கு முன், நிழலில் பாய் விரித்து, குழுவினரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தோம். யோசனை என் நண்பருடையது. ஆய்வாளர்கள் படத்தைக் கையில் கொடுத்துப் பேச வைக்கும் முறை பழையதுதான். படமெடுக்கிறவர்கள் அதைச் செய்வது அரிதாக இருக்கிறது.

போரானா வழக்கத்தில் வாழ்த்து சட்டென்று முடிவதில்லை. ‘நகா’ (அமைதி) என்று தொடங்கி, ஆட்கள் நலமா, மாடுகள் நலமா, மழை எப்படி, வந்த வழி அமைதியா என்று விசாரித்துக்கொண்டே போகும். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய அப்பா, இன்னாருடைய அம்மா என்று அழைப்பார்கள். என் நண்பர் ஒவ்வொருவரையும் அப்படியே அழைத்து, ஒவ்வொருவருடைய மாட்டையும் மழையையும் விசாரித்து முடித்த பிறகுதான் பையிலிருந்து படங்களை எடுத்தார். 2020 முதல் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்த நிலம் அது. மாடு நலமா என்று கேட்டால், பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும்.

படங்கள் கைமாறின. சிரிப்பு எழுந்தது, பிறகு வாக்குவாதம் மூண்டது. நாங்கள் குறித்துக்கொண்டவற்றில் மூன்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, ஒரு படத்தை எடுத்த மாத்திரத்தில் மூன்று நான்கு பேர் ஒரே குரலில் மறுத்தார்கள். இவர்கள் போரானா அல்ல, கப்ரா என்றார்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டோம். நடுவில் நின்ற ஆளையே அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது. இன்ன ஊர் என்றும் சொன்னார்கள். உடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்றதற்கு ஒரு மூத்த அம்மா, “துணி எல்லாரும் ஒரே கடையில்தானே வாங்குகிறோம். பாட்டைக் கேட்டிருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். அவர்கள் ஒட்டகத்தைப் பாடுவார்கள்” என்றார்.

கப்ரா மக்களும் போரானா மொழியையே பேசுகிறார்கள். சகுயே மக்களும் அப்படித்தான். உடையும் அணிகலனும் பல இடங்களில் ஒன்றுபோலவே தோன்றும். கப்ரா ஒட்டகம் வளர்ப்பவர்கள், போரானா மாடு வளர்ப்பவர்கள். இந்த வேற்றுமை ஆட்டப் படத்தில் எங்கும் தெரியாது. ஆனால் மார்சபிட்டில் இந்த வேற்றுமைக்காக உயிர்கள் போயிருக்கின்றன. 2005 ஜூலையில் கப்ரா மக்கள் வாழும் துர்பி கிராமம் தாக்கப்பட்டு, பள்ளிக் குழந்தைகள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். போரானாவுக்கும் கப்ராவுக்கும் நடுவே தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் அரசியல் அதிகாரத்துக்குமாக நீண்ட பகையின் உச்சம் அது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய விழாவில் இந்த இரு சமூகத்தாரும் ஒரே திடலில் ஆடுகிறார்கள் என்பதே பெரிய செய்தி. அங்கே ஒரு கப்ரா இளைஞனின் முகத்துக்குக் கீழே ‘போரானா’ என்று எழுதி உலகத்துக்கு அனுப்புவதை வெறும் எழுத்துப்பிழையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது, ஓர் இளம்பெண் ஆட்டத்தின் நடுவில் தலைத்துணி நழுவி, கழுத்தைப் பின்னால் சாய்த்திருக்கும் படம். புகைப்படமாகப் பார்த்தால் அந்தக் குவியலிலேயே சிறந்தது அதுதான். பெண்கள் அதைத் திருப்பி வைத்துவிட்டார்கள். போரானா மக்களில் கணிசமானோர் இன்று இஸ்லாமியர்; கிறித்தவர்களும் இருக்கிறார்கள்; வாக்கா எனும் வானக் கடவுளை வணங்கும் பழைய வழி எல்லார் வாழ்த்துகளிலும் ஊடாடுகிறது. “ஆடும்போது துணி நழுவும். அங்கே இருக்கிறவர்கள் பார்ப்பார்கள், மறந்துவிடுவார்கள். இது மறக்காது” என்றார் ஒருவர். என்னிடம் மறுப்பு எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் எங்கள் வேலையின் போக்கையே மாற்றியது. ஒரு முதியவர் எல்லாப் படங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, “பாடுகிறவர் எங்கே?” என்று கேட்டார். நாங்களும் பார்த்தோம். எந்தப் படத்திலும் இல்லை. மணிமாலை அணிந்த பெண்கள், குதிக்கும் இளைஞர்கள், உயர்ந்த தடிகள் எல்லாம் இருந்தன. வரிசையின் ஓரத்தில் நின்று அடி எடுத்துக் கொடுக்கிறவர் ஒரு படத்தில் தோள்பட்டையாகவும் இன்னொன்றில் பாதித் தடியாகவும் மட்டும் இருந்தார். இந்தக் குழுவில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பழைய கோட்டு அணிந்து ரப்பர் செருப்போடு வந்திருந்த வயதானவர். கேமராவின் கண்ணுக்கு அவரிடம் எதுவும் இல்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் திடலில் ஒரு கால்கூட அசையாது.

காற்றும் வெயிலும் கறுப்புக் கல்லும்

லோயாங்கலானியின் இயற்கை படமெடுப்பவரோடு மல்லுக்கு நிற்கும். குலால் மலையிலிருந்து ஏரியை நோக்கி அடிக்கும் காற்று ஓயாது. இந்தக் காற்றை நம்பித்தான் அருகில் 365 காற்றாலைகளை நட்டு, 310 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். தரை முழுவதும் எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புக் கல். நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைகூட விலகாத இடமாதலால் சூரியன் கிடுகிடுவென்று ஏறும். முற்பகலிலேயே வெயில் உயரத்திலிருந்து கொட்டத் தொடங்கி, கண்குழிகள் இருண்டுவிடும். மணல் தரையானால் கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் முகத்துக்குத் திரும்பும். கறுப்புக் கல் அதையும் விழுங்கிவிடும். மாலையில் சூரியன் விழுந்தால் இருபது நிமிடத்துக்கெல்லாம் இருட்டு.

இதில் போரானா உடை ஒரு தனிச் சோதனை. ஆண்களுக்கு வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை மேல்துண்டு. பெண்களின் கழுத்தில் அலுமினிய மணிச்சரம். பழைய சமையல் பாத்திரங்களை உருக்கி உள்ளூரில் வார்த்த மணிகள் அவை. அருகில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அரத்தின் கீறல் தெரியும். வெயில் பட்டால் ஒவ்வொரு கீறலும் தனித்தனியே மின்னும். வெள்ளைத் துணிக்கும் மின்னும் உலோகத்துக்கும் நடுவில் கருந்தோல் முகம். கேமராவைத் தானியங்கியாக விட்டால், அது துணியைப் பார்த்து ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். அல்லது கருங்கல்லைப் பார்த்து ஒளியைக் கூட்டித் தலைப்பாகையை வெறும் வெள்ளைத் திட்டாக்கும்.

இந்தச் சிக்கலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வண்ணப் படச்சுருளின் காலத்தில், ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையைப் பயன்படுத்தின; ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் படச்சுருள் சரி என்று பொருள். கருந்தோலின் நுண்ணிய நிற வேறுபாடுகள் பல பத்தாண்டுகளாக அந்தக் கணக்கில் சேரவே இல்லை. மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்கள் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று குறைபட்ட பிறகுதான் முன்னேற்றம் வேகம் பிடித்தது. வட கென்யாவின் பழைய வண்ணப் படங்களில் முகங்கள் ஏன் நிழலுருவங்களாக இருக்கின்றன என்பதற்கு வெயிலை மட்டும் காரணம் காட்ட முடியாது.

நாங்கள் முகத்தின் ஒரு புள்ளியில் மட்டும் ஒளியை அளந்தோம். வெள்ளைத் துணியில் இழை தெரியும் எல்லைவரை ஒளியை விட்டு, மீதியை, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் பிறகு திருத்திக்கொண்டோம். ஃபிளாஷ் பயன்படுத்தவில்லை, அலுமினிய மணிகளில் பட்டு அது கண்ணைக் குத்தும் என்பது ஒருபுறம் இருக்க, அது பாடுகிறவர்களின் கவனத்தைக் கலைக்கும். லென்ஸைத் திடலில் மாற்றவே இல்லை, புழுதி அப்படி. என்னிடம் 35 மி.மீ., அவரிடம் 85. அவ்வளவுதான். பெரிய தொலைநோக்கு லென்ஸ்களை வேண்டுமென்றே எடுத்துப்போகவில்லை. தூரத்தில் நின்று எடுத்தால் பாட்டு காற்றில் கரைந்துவிடும். பாட்டு கேட்கும் தூரத்தில் நின்றே படமெடுப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

பாட்டை வைத்து ஷட்டர்

ஒத்திகையின்போது கேமராவைப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டோம். என் நண்பர் பாட்டின் பொருளை எனக்குக் காதோடு சொன்னார். எனக்கு அதைவிட முக்கியமாக இருந்தது, எங்கே மூச்சு விழுகிறது என்பது. முதியவர் ஓர் அடியைப் பாடி முடிக்கும்போது கடைசி அசையை நீட்டுவார். அந்த நீட்டலின் போது இளைஞர்களின் முழங்கால் லேசாக மடங்கும். பிறகு பதில் எழும், எல்லாத் தோள்களும் ஒரே நேரத்தில் ஏறும், தடிகள் ஏறும், பெண்களின் கைகள் ஒன்றையொன்று தொடும். பதில் முடிந்து அடுத்த அடி வருமுன் நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அப்போது எல்லாருடைய கண்களும் பாடுகிறவர் பக்கம் திரும்பும்.

இணையத்தில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை குதிப்பின் உச்சியில் எடுத்தவை. அதைக் கணிப்பது எளிது, கண்ணாலேயே செய்துவிடலாம். கண்கள் திரும்பும் அந்த இடைவெளியைப் பிடிக்கக் காது வேண்டும். நொடிக்கு இருபது படம் என்று தொடர்ச்சியாகச் சுட்டால் எல்லாம் கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் எங்கே நிற்பது என்று அந்த இருபது படமும் சொல்லாது. கண்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவன்தான் முதியவருக்குப் பின்னால், அவர் தோளுக்கு அருகே போய் நிற்பான். அங்கிருந்து பார்த்தால் வரிசை முழுவதும் கேமராவைப் பார்ப்பதுபோல் இருக்கும். உண்மையில் அவர்கள் பார்ப்பது அவரை.

விழா நாளில் நான் அங்கேதான் நின்றேன். குழுவிடம் முன்பே கேட்டு, எந்தப் பக்கம் நின்றால் இடைஞ்சல் இல்லை என்று அவர்களே காட்டிய இடம். என் நண்பர் பெண்கள் வரிசையின் ஓரத்தில் இருந்தார். காலை வெயில் ஏறுமுன் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. நடுப்பகலில் மேடை நிகழ்ச்சி நடந்தபோது நாங்கள் படமெடுக்கவில்லை. ஒலிபெருக்கி அலற, குழுக்கள் நேரக் கணக்கில் ஏறி இறங்கின. அந்த மேடையைக் குறை சொல்லவில்லை. 14 சமூகத்தாருக்கும் இடம் தர வேறு வழி இருக்காது. ஆனால் ஆட்டம் அதன் இயல்பில் நடந்தது மாலையில், அவர்கள் கட்டிய குடிலுக்கு முன்னால், பக்கத்துக் குடிலிலிருந்து வேறு சமூகத்தார் வந்து நின்று பார்த்தபோதுதான்.

குதிப்புக்கு 1/800 நொடி போதுமாக இருந்தது. கைத்தட்டலுக்கு அவ்வளவு வேகம் கூடாது என்பது எங்கள் தேர்வு. 1/60இல் எடுத்தால் முகம் தெளிவாக நிற்க, கைகள் மட்டும் கலங்கி விழுகின்றன. உறைந்துபோன இரு கைகளைவிட அந்தக் கலக்கத்தில் கைத்தட்டல் ஒலி நன்றாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன். அதிலும் ஒரு படம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. முன்னால் முதியவரின் காதும் தாடையும் மங்கலாக. வாய் திறந்திருப்பது தாடையின் கோணத்தில் தெரிகிறது. நடுவில் ஏழெட்டு இளைஞர்கள் அவரை உற்றுப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் கண்ணை மூடியிருக்கிறான். தரையிலிருந்து எழும்பிய புழுதி அவர்களுடைய முழங்காலைத் தாண்டவில்லை. குதிப்பு இன்னும் தொடங்கவில்லை.

தொகுப்பாளர்கள் இந்தப் படத்தை முதலில் ஒதுக்கிவைத்தார்கள். முன்னால் இருப்பது யார் என்று புரியவில்லை, உடை தெரியவில்லை, ஆட்டமே நடக்கவில்லையே என்றார்கள். குழுவினரிடம் காட்டியபோது அவர்கள் முதலில் எடுத்தது இதைத்தான்.

பணம், ஒப்புதல், சட்டம்

தென் எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் முர்சி இன மக்களின் கிராமங்களுக்குப் போகிற பயணிகள் ஒரு படத்துக்கு இவ்வளவு, ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துப் படமெடுக்கிறார்கள். அதன் விளைவு எல்லாருக்கும் தெரியும். அன்றாட வாழ்வில் இல்லாத கொம்பும் பழமாலையும் தலையில் ஏறின. கேமராவை எது ஈர்க்கிறதோ அது உடையாகிவிட்டது. இதில் அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விலை வைத்தது வாங்குகிறவர்களின் ரசனை.

ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால் எங்கள் குழுவிலும் மணிமாலைப் பெண்களுக்குக் கூடுதலும் கோட்டு அணிந்த பாடகருக்கு ஒன்றுமில்லாமலும் போயிருக்கும். ஆகவே முழுக் குழுவுக்கும் ஒரே தொகை, படமெடுக்குமுன்பே, எல்லார் முன்னிலையிலும் கொடுத்தோம். எப்படிப் பிரிப்பது என்பது அவர்கள் பாடு. அவர்கள் அதற்காக உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். நாங்கள் தலையிடவில்லை.

ஒப்புதலை இரண்டு முறை வாங்கினோம். எடுக்குமுன் ஒரு முறை, எடுத்த படங்களைக் காட்டிய பிறகு இன்னொரு முறை. முதல் ஒப்புதல் மரியாதை. இரண்டாவதுதான் ஒப்புதல் என்பது என் கருத்து. தன் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்காதவர் எதற்குச் சம்மதம் சொல்கிறார்? இரண்டாவது சுற்றில் பெண்கள் சில படங்களை நீக்கச் சொன்னார்கள். அவற்றில் ஒளியும் அசைவும் கூடிவந்த ஒரு படமும் இருந்தது. நீக்கிவிட்டோம், நினைவு அட்டையிலிருந்தும் அழித்ததை அவர்கள் கண்முன்னே காட்டினோம்.

கென்யாவில் இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவருடைய முகம் அவருடைய தனிப்பட்ட தரவு. 2023இல் நைரோபியில் வாடிக்கையாளர் படத்தை ஒப்புதலின்றி வெளியிட்ட ஓர் உணவகத்துக்கு 18.5 லட்சம் ஷில்லிங்கும், பெற்றோர் ஒப்புதலின்றி மாணவர் படங்களை வெளியிட்ட ஒரு பள்ளிக்கு 45.5 லட்சம் ஷில்லிங்கும் அபராதம் விதிக்கப்பட்டது. இதைவிட எங்கள் வேலைக்கு நெருக்கமானது 2016ஆம் ஆண்டின் மரபறிவு மற்றும் பண்பாட்டு வெளிப்பாடுகள் பாதுகாப்புச் சட்டம். பாட்டும் ஆட்டமும் ஒரு சமூகத்தின் உடைமை என்று அது ஏற்கிறது. வெளியார் அவற்றைப் பயன்படுத்தச் சமூகத்தின் முன்கூட்டிய ஒப்புதல் வேண்டும். தனி மனிதர் சம்மதித்தாலும் சமூகம் சம்மதிக்காத நிலை வரலாம் என்பதைச் சட்டமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

நகரத்து முகத்துக்கு அபராதம் கேட்க வழக்கறிஞர் இருக்கிறார். லோயாங்கலானித் திடலில் ஆடுகிறவருடைய முகம் எந்த நாட்டு நாட்காட்டியில் தொங்குகிறது என்று அவருக்கே தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு ஆத்திரம் தருகிறது. விழா என்பது பொது நிகழ்ச்சி, பொது இடத்தில் படமெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று வாதிடும் புகைப்படக்காரர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். செய்திக்கு அந்த வாதம் பொருந்தும். ஒருவருடைய முகத்தைப் பத்தாண்டுக் காலம் விற்பதற்குப் பொருந்தாது.

படக்குறிப்பு

படங்களைத் தேர்ந்தெடுக்க ஆன நேரத்தைவிடக் குறிப்புகளுக்கு அதிக நேரம் ஆனது. வழக்கமான குறிப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: ‘மரபு உடையில் ஆடும் போரானாப் பழங்குடியினர், கென்யா’. இந்த வரியிலிருந்து படிப்பவருக்கு என்ன கிடைக்கிறது? யார், எங்கிருந்து வந்தவர்கள், எதைப் பாடுகிறார்கள், யார் கேட்டு ஆடுகிறார்கள் எதுவும் இல்லை. மரபு உடை என்பதும் முழு உண்மை இல்லை. அந்தத் துணிகளில் பாதி, சந்தையில் வாங்கிய அச்சுத்துணி. மணிச்சரத்தின் அலுமினியம் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் இருந்த பாத்திரம். அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. கிடைத்ததை அணியாக்கிக்கொள்வதும் மரபுதான்.

ஒவ்வொரு படத்துக்கும் என் நண்பர் குழுவினரிடம் நான்கு செய்திகளைக் கேட்டு எழுதினார்: பாட்டு எதைப் பற்றியது, அடி எடுத்துக் கொடுப்பவர் படத்தில் எங்கே இருக்கிறார் அல்லது எந்தப் பக்கம் வெளியே நிற்கிறார், ஆடுகிறவர்கள் எந்த ஊர்ப் பக்கம், அவர்கள் தங்களை எப்படி அழைக்கச் சொல்கிறார்கள். பெயரை வெளியிட விரும்பாதவர்களுக்குப் பெயர் இல்லை. சபோ, கோனா பிரிவைக் குறிப்பிட வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஆடியது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எழுதவில்லை. எங்கள் குறிப்புகள் நீளமானவை. ‘மாட்டைப் புகழும் பாட்டு. பாடுகிறவர் படத்துக்கு இடப்புறம், சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார். இளைஞர்கள் அவரைப் பார்க்கிறார்கள்’ என்று போகும்.

நீளம்தான் பிறகு தொல்லை கொடுத்தது. ஓர் இதழ் இந்தத் தொகுப்பிலிருந்து சில படங்களைக் கேட்டு வாங்கியது. முதியவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் அவரை வெட்டிவிட்டு இளைஞர்களை மட்டும் வைத்து, ‘போரானா வீரர்களின் கூரிய பார்வை’ என்று குறிப்பு போட்டுப் பக்கம் அமைத்து அனுப்பினார்கள். அச்சுக்குப் போகுமுன் பார்க்கக் கேட்டிருந்ததால் தடுக்க முடிந்தது. அதில் வீரர் யாரும் இல்லை. ஒருவன் மார்சபிட்டில் கைபேசி பழுதுபார்ப்பவன், இன்னொருவன் மோயாலே சாலையில் லாரி உதவியாள். இருவரும் அப்போது அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்கள். பார்வை கூரியதாக இருந்ததற்கு அதுவே காரணம். துர்பி நடந்த மண்ணில், கையில் தடியோடு நிற்கும் போரானா இளைஞர்களை வீரர்கள் என்று அழைப்பது அவர்களை வேறு கதைக்குள் தள்ளிவிடும் என்று விளக்கி எழுதினேன். முழுப் படமும் முழுக் குறிப்பும் சேர்த்துப் போட இடமில்லை என்றார்கள். படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

தொகுப்பு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒரு பிரதி எங்களிடம், ஒன்று ஆவணத்தைக் கேட்டவர்களிடம், அச்சிட்ட பிரதி ஒன்று மார்சபிட்டில் குழுவின் பொறுப்பாளர் வீட்டில். வெட்டக் கூடாது, குறிப்பை மாற்றக் கூடாது, விற்பனைப் பொருளில் அச்சிடக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளும் ஒவ்வொரு கோப்பின் உள்தகவலிலும் எழுதப்பட்டிருக்கின்றன. யாராவது புதிதாகக் கேட்டால் என் நண்பர் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார். இதுவரை வந்த கோரிக்கைகளில் பள்ளிக்கூடங்களுக்கு உடனே சரி என்றார்கள்; ஒரு தங்கும் விடுதியின் சுவருக்கு மறுத்துவிட்டார்கள்.

படங்களோடு பாட்டின் ஒலிப்பதிவும் சேர்க்கலாமா என்று ஆவணக்காரர்கள் கேட்டார்கள். நான் மிகவும் விரும்பியது அதுதான். ஒத்திகையில் என் நண்பர் அனுமதியோடு பதிவு செய்து வைத்திருந்தார். குழு இரண்டு மாட்டுப் பாட்டுகளுக்குச் சம்மதம் தந்தது. பெரியவர் ஆசி சொல்ல, மற்றவர்கள் ‘நகா’ என்று பதில் தந்த பகுதியை மட்டும் தர மறுத்துவிட்டார்கள். அது அங்கே இருந்தவர்களுக்குச் சொன்ன ஆசி என்றார்கள். அந்தக் கோப்பை அவர்களிடமே கொடுத்துவிட்டோம். மாட்டுப் பாட்டு இரண்டுக்கும் சொல்லுக்குச் சொல் எழுத்து வடிவம் தயாராகிக்கொண்டிருக்கிறது. மாட்டின் நிறப் பெயர்கள் சிலவற்றுக்கு, பாடிய முதியவரிடமே மறுபடி கேட்க வேண்டியிருப்பதால், மழைக்குப் பிறகு அவர் மந்தையோடு ஊர்ப் பக்கம் திரும்பும்வரை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம்.